ஒலிபெருக்கி தானாக மலை ஏறவில்லை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனவன் நான். அதுவும் இலங்கையில், ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். ஒரே அறை, ஒரே வாத்தியார். பெருமழை பெய்தால் அந்த ஒருவரும் வரமாட்டார். அங்கிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, முகாமில் படுத்துக் கிடந்து, கடைசியில் இந்த நீலகிரி மலைக்கு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. அப்படி வந்தவன் எதையெல்லாம் கட்டினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தேவர்சோலையிலிருந்து பிரிகிற மண்சாலையின் மேட்டில், இந்தச் சரிவில் வீடு நிற்காது என்று படித்த இன்ஜினியர் ஒருவர் கையை விரித்துவிட்டுப் போன இடத்தில், மாடி வைத்து வீடு கட்டினேன். வீடு நிற்கிறது. இன்ஜினியர்தான் மாற்றலாகிப் போய்விட்டார். காயலான் கடையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு ஜீப்பை நட்டு நட்டாகப் பூட்டி ஓட வைத்தேன். கரண்ட் எட்டாத லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, ஜெனரேட்டரை மூங்கிலில் கட்டித் தூக்கிப் போய் மாரியம்மன் திருவிழாவுக்கு வண்ண விளக்கு தொங்கவிட்டேன். நடுவட்டத்தில் கல்யாணம் என்றாலும் மசினகுடியில் கட்சிக் கூட்டம் என்றாலும் என் மைக்செட்டைத்தான் கூப்பிட வேண்டும் என்கிற பெயரைக் கட்டினேன். யானை தள்ளிவிட்டுப் போன கொட்டகையை மறுபடி கட்டினேன். மறுபடி தள்ளியது, மறுபடியும் கட்டினேன். யானைக்குத்தான் அலுத்துப்போனது.

இவ்வளவையும் செய்தவன் இன்னொன்றும் செய்திருக்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தைக் கட்டினேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கீழே சமவெளியில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதில் பத்திரிகை வேலைக்குப் போகிற பிள்ளைகள் படிக்கிற இதழியல் துறை. அந்தத் துறையில் 'குரல் இதழ்' என்று ஒரு செய்முறைப் பயிற்சி உண்டு. வருடா வருடம் பிள்ளைகள் மலைக்கு வருவார்கள். தோட்டம் தோட்டமாக நடந்து, கேட்டு விசாரித்து, செய்தி எழுதுவார்கள். எழுதியதை அச்சடிக்கமாட்டார்கள். ஒரு ஜீப்பில் ஏறி, ஒலிபெருக்கியில், எந்தச் சனத்தைப் பற்றி எழுதினார்களோ அந்தச் சனத்துக்கு முன்னாலேயே வாசிப்பார்கள். கேட்கிறவர்கள் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். பதில் சொன்னால்தான் பாஸ். வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு பாடம் இல்லையாம். வெளிநாட்டிலிருந்துகூட ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இப்போது அந்தத் துறைக்கு வெள்ளி விழா. மலர் போடுகிறார்கள். முதல் முதலாக மலைக்கு வந்த கூட்டத்தில் மாணவியாக இருந்தவள்தான் இன்றைக்கு அந்தத் துறைக்குத் தலைவி. மலருக்காகக் குரல் இதழ் பிறந்த கதையை அவளே எழுதியிருக்கிறாள். ஊர்ப் பெயர்கள் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று எனக்குப் போனில் அனுப்பியிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். ஊர்ப் பெயரெல்லாம் சரி. பழைய பேராசிரியர் பெயரும் சரி. மூன்று இடத்தில் வருகிறது. என்னைத் தேடினேன். ஓர் இடத்தில் இருந்தேன். "உள்ளூர் ஒலிபெருக்கி ஒன்றின் உதவியுடன் இப்பயிற்சி தொடங்கப்பட்டது."

நான் ஒலிபெருக்கியாகிவிட்டேன்.

உடனே போன் போட்டேன்.

"ஊரெல்லாம் சரியாத்தான் இருக்கு பிள்ளை. ஆளுதான் காணோம்."

"எந்த ஆளுங்கண்ணா?"

"நான்தான்."

சிரித்தாள். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். எவ்வளவு பெரிய பதவிக்குப் போனாலும் பேச்சில் அந்தக் குழைவு போகவில்லை. "ஏனுங்கண்ணா, உங்கள மறப்பனுங்களா? இது ஆய்வுக் கட்டுரை மாதிரிங்க. இதுல ஆளுக பேரெல்லாம் போடறதில்லைங்க."

"மேடம் பேரு மூணு எடத்துல வருது."

"அவங்க துறைத் தலைவருங்க அப்போ."

"நான் ஜீப்புக்குத் தலைவன் அப்போ."

"மைக்குல வாசிக்கலாமான்னு நான்தானுங்களே கேட்டேன்?"

"கேட்டது நீ. சுவிட்ச் போட்டது யாரு?"

மலர் அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது, பார்க்கலாம் என்று போனை வைத்தாள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் நடந்ததை நானே எழுதுகிறேன்.

தேயிலை விலை விழுந்த காலம் அது. இலையை யாரும் கேட்காத காலம். சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள் பறித்த இலையை ஃபாக்டரி வாசலில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். சாயந்தரம் ஆனதும் அதை ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுத் திரும்புவார்கள். எங்கள் பக்கத்துப் பெரிய எஸ்டேட் ஒன்றில் ஃபாக்டரியையே பூட்டிவிட்டார்கள். காலையில் சங்கு ஊதுவது நின்றுபோனது. சங்கு இல்லாத காலையில் எழுந்திருப்பது எப்படி என்று சனங்களுக்குத் தெரியவில்லை. விழித்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டு, ஊதும் ஊதும் என்று படுத்துக் கிடந்தோம் என்று பின்னால் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்.

பறிக்க ஆள் இல்லாத தேயிலையை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். இடுப்பு உயரத்துக்கு மேல் அதை விடுவதில்லை அல்லவா, அது செடி என்றே நாமெல்லாம் நம்பிக்கொண்டிருந்தோம். விட்டுவிட்டால் அது மரம். அந்த ஐப்பசியில் அது ஆள் உயரம் தாண்டி வளர்ந்து பூத்தது. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். பிறந்ததிலிருந்து கொழுந்து பறித்த பொம்பளைகள், தேயிலை இவ்வளவு பூக்குமா என்று நின்று பார்த்தார்கள். மலை முழுக்கத் தேனீ. ஃபாக்டரிப் பக்கமிருந்து எப்போதும் வரும் இலை வாடுகிற வாசம் போய், அந்த இடத்தில் லேசான ஒரு பூ வாசம். எல்லாம் நாசமாகிக்கொண்டிருந்தது, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பகல் தூக்கத்தில் நடந்த மாதிரிதான் இருக்கிறது.

எனக்கும் வேலை இல்லை. கல்யாணங்களைத் தள்ளிப் போட்டார்கள். திருவிழாவை மைக் இல்லாமல் முடித்தார்கள். அப்போதுதான் கீழேயிருந்து ஒரு பேராசிரியரம்மா பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு மேலே வந்தார். பயிற்சிக்காக மாணவர்களே எழுதி, பக்கம் போட்டு, அச்சடிக்கிற பத்திரிகை ஒன்று உண்டாம். அந்த முறை தேயிலையைப் பற்றி. ஒரு வாரம் சுற்றி எழுதிக்கொண்டு போனார்கள், அச்சடித்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தார்கள். எந்தச் சனத்தைப் பற்றி எழுதினோமோ அந்தச் சனத்தின் கையில் கொடுக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் கொள்கை. நல்ல கொள்கைதான். கட்டுகளையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு லயம் லயமாகப் போனது என் ஜீப். கூரையில் இரண்டு புனல் ஒலிபெருக்கி இருந்தது. கழற்றிவைக்கச் சோம்பல்பட்டு அப்படியே ஓட்டினேன்.

கொடுத்துவிட்டு மறுநாள் அதே வழியில் போனோம். சனம் எப்படிப் படித்தார்கள் என்று கேட்டு எழுதவேண்டுமாம். முதல் லயத்திலேயே ஒரு வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரில் பத்திரிகை. பலகை இடுக்கில் குளிர் காற்று வராமல் இருக்க எங்கள் சனம் எப்போதும் பேப்பர் ஒட்டுவார்கள். பசை இன்னும் காயவில்லை. முதல் பக்கம் தலைகீழாக இருந்தது.

அந்தப் பிள்ளை, இன்றைய துறைத் தலைவி, அன்றைக்கு அந்தப் பத்திரிகைக்கு ஆசிரியர் பொறுப்பில் இருந்தவள், அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வீட்டுக்காரம்மா வெளியே வந்து, "நல்ல கெட்டிப் பேப்பரும்மா. இன்னும் நாலு இருந்தா குடு, அந்தச் செவுத்துக்கும் ஆகும்" என்றாள்.

"படிச்சீங்களாக்கா?"

"ஒட்டுறப்ப படம் பாத்தேன். எங்க லயம்தானே அது? மேல வீட்டுக்காரி குடத்தோட நிக்கிறா. மூஞ்சி நல்லா விழுந்திருக்கு."

பிள்ளை வந்து ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள். அவள் ஏன் அப்படி இடிந்துபோனாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு சொன்னாள். மூன்றாம் பக்கத்தில் அவள் எழுதிய ஒரு செய்தி இருந்தது. லயங்களைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார்கள் என்று மலை முழுக்க ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு வருவார்கள், பூட்டுப் போடுவார்கள் என்று ஆளுக்கு ஆள் சொல்ல, பாதிக் குடும்பம் மூட்டை கட்டிவிட்டது. பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூருக்குப் போகிற கூட்டம் பஸ் பஸ்ஸாகப் போனது. இவள் எஸ்டேட் ஆபீசுக்கும் போய், மேலே அரசாங்க ஆபீசுக்கும் போய், காத்திருந்து கேட்டு எழுதியிருந்தாள்: காலி பண்ணச் சொல்லி எந்த உத்தரவும் வரவில்லை. அந்தச் செய்திதான் குளிருக்குத் திரையாக, தலைகீழாக, சுவரில் ஒட்டியிருந்தது.

அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, அது வேல செய்யுமுங்களா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? நடுவட்டத்துல பேசுனா பைக்காராவுல திரும்பிப் பாப்பான்."

"அப்படீன்னா இதுல வாசிக்கலாமுங்களா?"

"ஏறு" என்றேன். இந்த ஒரு சொல்லைக் கட்டுரையில் தேடிப் பார்த்தேன். இல்லை.

பேராசிரியரம்மாவுக்கு இஷ்டமில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு, "செய்தி வேற, விளம்பரம் வேற. இப்படிக் கூவி வித்தா செய்திக்கு மரியாதை இருக்காதும்மா" என்றார். அதற்குள் நான் ஜீப்பை வளைவுக்குத் திருப்பிவிட்டேன். அந்த எஸ்டேட்டில் ஓர் இடம் உண்டு. ரோடு கொம்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கீழே பள்ளம், எதிரே மலை, மூன்று பக்கமும் லயம். அங்கே நிறுத்தினால் எல்லா லயத்துக்கும் கேட்கும். அன்றைக்கு மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. பேனட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே போய்க் கடைசியில் நாங்களும் ஜீப்பும் மட்டும் மிதக்கிற மாதிரி இருந்தது.

இங்கே எங்கள் மலைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பனியில் வண்டி தெரியாது. வண்டியில் கட்டிய பேனரும் தெரியாது. குரலுக்கு முன்னால் என்ன வருகிறது என்பதை வைத்துத்தான் சனம் விஷயத்தைத் தெரிந்துகொள்ளும். சாமி பாட்டு வந்தால் கோயில் சமாச்சாரம். சினிமாப் பாட்டு வந்தால் கல்யாணமோ, கடை திறப்போ, கட்சியோ. பாட்டே இல்லாமல் நேராகக் குரல் வந்தால் சாவு. அதைக் கேட்டதும் எந்த வீடு என்று தெரிகிறவரை அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கி வைத்துவிடுவார்கள். கூடையை இருக்கிற இடத்தில் போட்டுவிட்டுக் கீழே இறங்கி வருவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

நான் வழக்கம்போலப் பாட்டுக் கேசட்டைத்தான் தள்ளினேன். ஈரத்தில் கேசட் டேப் சுற்றிச் சிக்கிக்கொண்டது. இழுத்தேன், குடல் மாதிரி வெளியே வந்தது. பிள்ளை கையில் பத்திரிகையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். பேராசிரியரம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, பாட்டு கிடக்கட்டும் என்று மைக்கைத் தட்டினேன். "அன்பார்ந்த தொழிலாளர் பெருமக்களே" என்றேன். எதிர் மலை அதைத் திருப்பிச் சொன்னது. அவ்வளவுதான், நிறுத்திவிட்டேன், மைக்கை அவள் கையில் கொடுப்பதற்காக.

முதலில் சத்தம்தான் வந்தது. செருப்பில்லாத காலும் ரப்பர் செருப்புக் காலும் ஈரமண்ணில் இறங்குகிற சத்தம், நாலாபக்கமும். பிறகு பனிக்குள்ளே தலைத்துணிகள் தெரிந்தன. பிறகு முகங்கள். ஆம்பளைகள் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்தார்கள். மரமாக வளர்ந்த தேயிலைக்கு நடுவில் இருந்த ஒற்றையடிப் பாதைகளில் வந்துகொண்டே இருந்தார்கள். தலையிலும் தோளிலும் அந்த வெள்ளைப் பூ உதிர்ந்து கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. தங்கள் செய்தியைக் கேட்க இவ்வளவு கூட்டமா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

முன்னால் வந்து நின்றவள் கொழுந்து பறிக்கிற ஒரு பொம்பளை. விறகு பொறுக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"எந்த லயம்?"

"எந்த லயமும் இல்லக்கா" என்றேன்.

"யாரு செத்தா?"

"யாரும் சாகல."

"யாரும் சாகலையா? பின்ன என்ன மயித்துக்கு வாயத் தொறந்த?"

"பாட்டு சிக்கிக்கிச்சுக்கா..."

பின்னாலிருந்து ஒரு ஆள், "சோத்த எறக்கி வச்சுட்டு வந்திருக்கேன், மைக்செட்டு! பாதி வெந்த சோறு!" என்றான்.

"எங்க அத்தைதான்னு நெனச்சு நான் பாதி வழி அழுதுட்டே வந்துட்டேன்" என்று இன்னொருத்தி சொல்ல, அவளுடைய அத்தையே பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் சாகலேன்னு அவ்வளவு வருத்தமாடி ஒனக்கு?" என்று கேட்டாள். கூட்டத்தில் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அந்த முன்னால் நின்றவள் மட்டும் சிரிக்கவில்லை. "மலையே எறங்கி வந்திருக்கேன். வந்ததுக்கு ஒரு சாவாவது சொல்லு, இல்ல வேற என்னமாவது சொல்லு" என்றாள்.

நான் மைக்கை நீட்டினேன். பிள்ளை வாங்கினாள். வாசிக்க ஆரம்பித்தாள். பத்திரிகையில் இருந்தபடியே, நீளமான வாக்கியம். பாதி சொல்வதற்குள் எதிர் மலையிலிருந்து முதல் பாதி திரும்பி வந்து மோதியது. அவள் குரலும் மலையின் குரலும் பின்னிக்கொண்டு ஒன்றும் விளங்கவில்லை. நிறுத்தினாள். மலையும் சொல்லி முடித்து நிறுத்தியது. பத்திரிகையைப் பார்த்தாள். பிறகு அதை மடித்துவிட்டுச் சொன்னாள்.

"லயத்தைக் காலி பண்ணச் சொல்லி உத்தரவு வரலைங்க."

காத்திருந்தாள். வரலைங்க, என்றது மலை.

"நான் ஆபீசுல போய்க் கேட்டேனுங்க."

கேட்டேனுங்க.

அப்படித்தான் அந்தச் செய்தி முழுவதையும் சொன்னாள். ஒரு வாக்கியம் அவள், ஒரு வாக்கியம் மலை. யாரும் அசையவில்லை. பனி கூட்டத்தின் மேலேறி வந்து பின் வரிசையை மூடியது. அங்கே நின்றவர்கள் மறைந்தார்கள், ஆனால் இருமல் மட்டும் கேட்டது. இன்றைக்கும் பகலில் கண் அசந்தால் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கும். அவள் சொன்னது அல்ல; மலை திருப்பிச் சொன்னது. முகமில்லாமல், பூ வாசத்தோடு, எதிர்ப்பக்கமிருந்து.

நீளத்தை மலைதான் வெட்டியது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலைக்கு எதிரே ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தியது யார்?

முடித்ததும் கைதட்டல் இல்லை. அந்தப் பொம்பளை கேட்டாள்: "உத்தரவு இல்லேன்னு யாரு சொன்னா?"

பிள்ளை அதிகாரியின் பதவியைச் சொன்னாள்.

"ஒங்கிட்ட நேரா சொன்னாரா? இல்ல, சொன்னாருன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"எங்கிட்டதானுங்கக்கா. மேசைக்கு இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் அவரு."

"ஆபீஸ் வாசல்ல யாரு நின்னா?"

"வாட்ச்மேனுங்க. உள்ள விடமாட்டேன்னாரு. அடுத்த நாள் மறுபடி போனேனுங்க."

"ரெண்டு தடவ போனியா?"

"ஆமாங்கக்கா."

அவள் தலையை ஆட்டினாள். "சரி. திருப்பிச் சொல்லு" என்றாள்.

திருப்பிச் சொன்னாள். இன்னொரு லயத்துக்காரர்கள் அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்காக இன்னொரு முறை. அவரவர் கேள்வி கேட்டார்கள். மற்ற பிள்ளைகளையும் இழுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி பற்றி எழுதியவன் முன்னால் வந்து நின்று, "அது மட்டும் நான் நேரில் பார்க்கலைங்க" என்று மைக்கிலேயே சொன்னான். மலை அதையும் விடாமல் திருப்பிச் சொன்னது. சனம் சிரித்துவிட்டு, நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அவனை அனுப்பினார்கள். அவன் போனான். பேராசிரியரம்மா குடையை எப்போது மடித்தார் என்று தெரியவில்லை. நனைந்துகொண்டு நின்றார். ஒரு பையன் ஏதோ எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தபோது, "எழுதாதே. சும்மா நில்லு, கேளு" என்றார். நல்ல அம்மா அவர். அவர் பெயர் மூன்று இடத்தில் வருவதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.

கேள்வி கேட்ட பொம்பளை மறுநாள் காலை பஸ்ஸுக்குத் திருப்பூர் போவதாக இருந்தவள். மூட்டையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் சாவு என்று நினைத்து இறங்கி வந்திருக்கிறாள். போகவில்லை. அடுத்த வருடம் போனாள்; அது பிள்ளைகள் படிப்புக்காக, அவளாக யோசித்துப் போனது. துரத்தப்பட்டுப் போனதல்ல. இரண்டும் ஒன்றில்லை என்பது எங்கள் சனத்துக்குத் தெரியும். நாங்கள் ஒரு தடவை துரத்தப்பட்டுக் கப்பலேறி வந்தவர்கள்.

அன்றைக்கு எல்லோரும் ஜீப்பில் கீழே இறங்கினோம். வளைவுக்கு வளைவு பனி விலகி விலகி மூடியது. பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தார்கள். பேராசிரியரம்மா மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த வருஷமும் ஜீப் கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்கும் என்றேன். பாடம் அங்கேதான் பிறந்தது. பிறந்த இடம் என் ஜீப்.

அடுத்த வருடத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. பாட்டில்லாமல் வாசித்தால் மறுபடி சாவுக்கு இறங்குவார்கள். பாட்டுப் போட்டு வாசித்தால் கல்யாணம் என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். செய்திக்கு என்று தனியாக ஒன்று வேண்டும். நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். என் வீட்டம்மா அரிசி களைந்துகொண்டே, "புல்லாங்குழல் போடுங்களேன். சாமியும் இல்ல, சினிமாவும் இல்ல. சும்மா என்னமோ வருதுன்னு எட்டிப் பாப்பாங்க" என்றாள். அதையே போட்டேன். ஆகவே புல்லாங்குழல் என் வீட்டம்மா யோசனை. இப்போதே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு அவளும் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்துவிடக் கூடாது.

அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டம் வந்து போயிற்று. ஃபாக்டரி பிறகு கை மாறித் திறந்தது. தேயிலையை மறுபடி இடுப்பு உயரத்துக்கு வெட்டினார்கள். பூ போய்விட்டது, தேனீயும் போய்விட்டது. கேசட் போய் பென்டிரைவ் வந்தது. முகங்களை நான் மறந்துவிட்டேன். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பிள்ளை மைக்கைக் கையில் வாங்கியதும் மூச்சை உள்ளே இழுக்கும். அந்தச் சத்தம் புனலில் காற்று மாதிரி வரும். அது மட்டும் நினைவிருக்கிறது. பனியில் நின்று கேட்டால், மலையே பேசப்போகிற மாதிரி இருக்கும். இப்போது அவர்கள் பெரிய பெரிய பத்திரிகைகளில் இருக்கிறார்கள், தொலைக்காட்சியில் வருகிறார்கள். வாக்கியத்தைச் சின்னதாகச் சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துகிறவர் யாராவது திரையில் வந்தால், வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவேன். "நம்ம வளைவுல நின்ன பிள்ளை அது" என்பேன். அவள், "எல்லாரையும் அப்படித்தான் சொல்றீங்க" என்பாள். சொல்வேன்தான். எதிரே மலை இல்லாத இடத்திலும் மலைக்காகக் காத்திருக்கிற பழக்கம் வேறு எங்கிருந்து வரும்?

இந்தக் கட்டுரையில் நான் யார் பெயரையும் எழுதவில்லை என்பதைப் படிப்பவர்கள் கவனித்திருப்பார்கள். மறதியால் அல்ல. என் பெயர் அங்கே வருகிறவரை மற்றவர்கள் பெயர் இங்கே வராது.

ஆக, துறைத் தலைவிக்கும் மலர்க் குழுவுக்கும் நான் கேட்பது இதுதான். "உள்ளூர் ஒலிபெருக்கி ஒன்றின் உதவியுடன்" என்கிற வரியை எடுத்துவிட வேண்டும். ஒலிபெருக்கி தானாக மலை ஏறாது. தானாக வளைவில் நிற்காது. "ஏறு" என்று ஒரு பிள்ளையைப் பார்த்துச் சொல்லாது. அந்த இடத்தில் என் பெயரைத் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு முழுதாகப் போட வேண்டும். கடைசிப் பக்கத்து நன்றியில், பஸ் டிரைவருக்கும் சமையல்காரருக்கும் நடுவில் அல்ல. பாடம் தொடங்கிய கதையிலேயே, பேராசிரியர் பெயர் வருகிற அதே வரியில் வேண்டும். அவர் முன்னால் வரட்டும், பெரியவர். ஒரு காற்புள்ளி வைத்துவிட்டு நான் வருகிறேன். உதவி என்கிற சொல் வேண்டாம். தொடங்கினார்கள் என்று இருவருக்கும் சேர்த்துப் பன்மையில் எழுதுங்கள். எழுதி, எனக்கு அனுப்பி, நான் சரி என்று சொன்ன பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.